ரிப்போர்ட்டில் கிருமி இல்லை... ஆனால் புண் ஆறவில்லையே, ஏன்?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே மூட்டைகள் இறங்க ஆரம்பித்துவிடும். ஈரத் தரையில் ஓடும் ஒருவர் காலில் கம்பி குத்தினால் என்ன செய்வார்? துணியைச் சுற்றிக்கொள்வார். வலி அதிகமானால் மெடிக்கல் ஷாப்பில், "அண்ணே, புண்ணு ஆற ரெண்டு மாத்திரை குடுங்க" என்பார். அவருக்குச் சர்க்கரையும் இருந்தால்தான் சிக்கலே!

ஆழமான புண்ணுக்குள் ஆக்சிஜன் சரியாகப் போகாது. ஆக்சிஜன் ஒத்துக்கொள்ளாத சில பாக்டீரியாக்களுக்கு அதுதான் வசதி. சீழில் குடலைப் புரட்டும் நாற்றம் அடித்தால், டாக்டர்களுக்கு இவற்றின் மேல்தான் சந்தேகம் வரும்.

புண்ணின் மேல் பஞ்சுக் குச்சியால் தடவி, சாதாரணமாக லேபுக்கு அனுப்பினால், காற்று பட்டு வழியிலேயே இந்தக் கிருமிகள் செத்துப்போகலாம். 'கிருமி வளரவில்லை' என்று ரிப்போர்ட் வரும். புண்ணோ ஆறாது. அதனால்தான் ஊசியால் சீழை உறிஞ்சியோ, உள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்தோ, ஆக்சிஜன் படாமல் அனுப்ப வேண்டும்.

லேபில் ஆக்சிஜனை நீக்கிய ஜாடிக்குள் இவற்றை வளர்க்கவே இரண்டு நாளாவது ஆகும். பிறகு கிருமியைப் பரப்பிய தட்டில், மருந்தின் அளவு படிப்படியாகக் கூடும் பட்டையை வைத்து மறுபடி ஜாடிக்குள் வைப்பார்கள். எந்த அளவு மருந்தில் வளர்ச்சி நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? ஜென்டாமைசின் கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் தேவை. அதனால் இவற்றிடம் அது எடுபடாது. மெட்ரோனிடசோல் நேர்மாறு. பிறப்புறுப்புத் தொற்றுக்காக அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறு நோயும் குணமானதை 1962-ல் பிரிட்டனில் ஷின் என்ற பல் மருத்துவர் எழுதினார். ஆனால், முகப்பருவில் பங்குள்ள, ஆக்சிஜனை அவ்வளவாக விரும்பாத பாக்டீரியாவிடம் அதே மருந்து பலிக்காது!

2012-ல் மருத்துவ அமைப்புகள் 'சென்னைப் பிரகடனம்' மூலம் கேட்டதும் இதைத்தான்: டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைக் கட்டுப்படுத்துங்கள்.

சர்க்கரை உள்ளவர்களே, புண் நாறினாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியாஸ்பத்திரி ரொம்ப தூரமில்லை. ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரையும் ரிப்போர்ட்டை மாற்றிவிடும்!