விலகலா, விலக்கலா?

விலகினான் என்பது தன்வினை. விலக்கினான் என்பது பிறவினை. இரண்டற்கும் இடையே நிற்பது ஒற்றைக் ககர மெய்யே. அவ்வோர் எழுத்தில் உழைப்பாளியின் பிழைப்பும் மானமும் அடங்கிக் கிடக்கின்றன.

விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் சங்கரன்கோவிலில் பல. இத்தகைய ஊர்களில் வேலைநீக்கம் எப்பொழுதும் 'போ' என்னும் சொல்லோடு வருவதன்று. கணக்கெழுதியவனை மூட்டை தூக்கச் சொல்வர். தேர்ந்த கையில் துடைப்பத்தைத் திணிப்பர். அவன் உள்ளங் குன்றித் தாளில் கையெழுத்திட்டதும், 'தானாகவே விலகினான்' என்று ஏட்டில் பதிந்துவிடுவர். பிறவினையைத் தன்வினையாகத் திரிக்கும் இச்சூழ்ச்சிக்கு 'விலகவைத்தல்' என்பதே தகும் பெயர்.

மக்கள் வழங்கும் 'இராசினாமா' என்னும் அயற்சொல்லும் இங்கு வஞ்சகர்க்கு எதிராகவே சான்று பகர்கின்றது. பாரசீகத்தில் அதற்கு இசைவு மடல் என்பது பொருள். இசைவில்லாத இடத்தில் அச்சொல்லுக்கே பொருளில்லை. உச்சமுறைமன்றமும், தன் உரிமையைத் தன் விருப்பால் துறத்தலே விலகல் என 1993இல் தெளிவுறுத்தியது.

கையெழுத்தைப் பறிப்பதன் கரணியம் யாது? ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யின், ஒரு மாத அறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும். நிறைந்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகவும் தரவேண்டும். தானே விலகியவனுக்கு அவ்விழப்பீடு இல்லை. ஒரு கையெழுத்தால் முதலாளிக்கு மிஞ்சுவது அத்தொகை. தொழிலாளி இழப்பது பல்லாண்டு உழைப்பின் பயன்.

ஊதியம், வேலைநேரம், தரநிலை முதலியவற்றைத் தொழிலாளிக்குக் கேடாக மாற்றுமுன் 21 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழிற்பூசல் சட்டத்தின் 9அ பிரிவு விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் தன் 40ஆம் பிரிவில் அதனையே விதிக்கின்றது. பணிமாற்றம் ஒவ்வொன்றும் குற்றமாகாது; ஊதியத்தையோ தரத்தையோ தாழ்த்தும் மாற்றத்தையே வினவுதல் வேண்டும்.

1902இல் இச்சங்கரன்கோவிலிற் பிறந்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். 1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்த அப்பேரறிஞர்க்கே, 1961இல் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநர் பொறுப்பு 1974இல்தான் வாய்த்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகள் தமிழுக்கு நேர்ந்த இழப்பு. பேரறிஞர் நிலையே அதுவெனின், எளிய தறித்தொழிலாளி எவ்வாறு தாங்குவான்?

ஆதலால், பணி மாற்றப்பட்டவன் சினத்தால் வேலையை விட்டெறிதல் கூடாது. சொல்லாமல் நின்றுவிடுதலும் கூடாது. முன்னைய பணி இது, மாற்றிய பணி இது, இதற்கு இசைவில்லை என்று நாளிட்டு எழுதித் தருக. படியொன்றைக் காத்து வைக்க. தொழிலாளர் அலுவலரிடம் முறையிடுக. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டினால், அதனைத் தமிழில் தருமாறு கேட்க. படித்த தமிழர் அம்மடலை எழுதித்தர முன்வருதல் கடன்.

பொருள் விளங்காத தாளில் இடும் கையெழுத்து இசைவாகாது. விலகுவதாயின் தமிழன் தானே விலகுக. பிறர் விலக்கியதைத் தன் கையால் விலகல் என்று எழுதிக் கொடாதிருக்க!