திட்டம் யாருடையது?

நாஞ்சில் நாட்டு ஏலாவில் மண் லாரி வந்து நிற்கிறது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த வயலில் கல் நட்டு மனை பிரிக்கிறார்கள். பத்திரம் உள்ளவனுக்கு விலை கிடைக்கிறது. அதே வயலில் நட்டு, அறுத்து, சூடடித்த தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது? அவனை யார் கேட்டார்கள்?

கடற்கரையிலும் இதே கதைதான். 2016இல் இனயத்தில் துறைமுகம் அமைக்க மத்திய சர்க்கார் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. மீனவ மக்கள் எதிர்த்தார்கள். பிறகு இடம் கோவளம்–மணக்குடிப் பக்கம் போயிற்று. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. இடம் மாறியது, முறை மாறவில்லை. டில்லியில் கோடு போட்ட பிறகே கரையில் குடியிருப்பவனுக்குச் செய்தி வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், ஜில்லாதோறும் திட்டக்குழு வேண்டும் என்கிறது. ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்களாவது மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை ஒன்றிணைப்பதும், நில உபயோகம், தண்ணீர்ப் பங்கீடு இவற்றைக் கவனிப்பதும் அதன் கடமை.

கிராமமே முடிவு செய்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. பேச்சிப்பாறைத் தண்ணீர் ஒரே ஊரில் நிற்பதில்லை. மேலே ஒரு ஊர் கால்வாயை அடைத்தால், கீழே கடைவரம்பு காய்கிறது. ஆகவே ஊரில் பிறக்கும் திட்டம் ஒன்றியத்திலும் ஜில்லாவிலும் மற்ற ஊர்களின் திட்டத்தோடு முகம் பார்த்துப் பேச வேண்டும்.

கூலிக்காரனுக்குத் திட்டம் தெரியுமா என்று ஏளனம் செய்வோரும் உண்டு. எந்த மடை கசிகிறது, எந்தக் குளம் தூர்ந்தது என்பதை மண்வெட்டி பிடித்தவனை விட அறிந்தவர் யார்? பக்கத்துக் கேரளத்தில் 1996 ஆகஸ்டு 17இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதம் உள்ளாட்சிகளுக்குப் போயிற்று. கிராம சபையில் சாதாரண மக்கள் தேவையைச் சொன்னார்கள். அங்கும் குறை இல்லாமலில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சபைக்கு வருவோர் குறைந்த ஊர்கள் உண்டு. நாம் விழிப்பாக இல்லாவிட்டால் உரிமை ஏட்டோடு நிற்கும் என்பதே அதன் பாடம்.

நம் கோரிக்கைகள் மூன்று. நில வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டு! வயலை மனையாக்கும் முன் கிராம சபையைக் கேள். பட்டா இல்லாதவன் குரலையும் கேள்! ஆலைத் தொழிலாளி ஷிப்டு முடிந்து வரும் நேரத்தில் சபையைக் கூட்டு!

1956 நவம்பர் 1இல் நம் ஜில்லா தமிழ்நாட்டோடு இணைந்தது. 2022இல் அந்த நாளும் கிராம சபை நாளாகச் சேர்க்கப்பட்டது. தோழர்களே, அன்று கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்காகப் போக வேண்டாம். நம் குளத்தின் பேரையும் வயலின் பேரையும் தீர்மானத்தில் எழுத வைத்துவிட்டுத் திரும்புவோம்!