தூக்கி எறியுமுன் துடைத்துப் பார்ப்போம்!

டார்ச் விளக்கு எரியவில்லையென்றால் நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? பேட்டரிக் கட்டைகளை வெளியே எடுப்பார்கள். அவற்றின் முனைகளைச் சேலைத் தலைப்பால் அழுந்தத் துடைப்பார்கள். திரும்பப் போட்டு உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பெரும்பாலும் விளக்கு எரிந்துவிடும். அவர்கள் மின்னோட்டவியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் கெட்டுப்போன பொருளுக்கும் அழுக்கேறிய பொருளுக்கும் உள்ள வேற்றுமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றோ, காதில் மாட்டும் இயர்பட்ஸில் சார்ஜ் ஏறவில்லையென்றதும், "போச்சு, வேறு வாங்க வேண்டியதுதான்" என்று வீட்டிலும் தீர்ப்பு, கடையிலும் அதே தீர்ப்பு! விசாரணையே இல்லாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பைத்தான் நாம் ஆட்சேபிக்க விரும்புகிறோம்.

வயரில்லாத இந்தச் சாதனம் நம் பள்ளி வளாகத்துக்குள் வரக்கூடாது. அது நல்ல விதியே. ஆனால் 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசி வழியே வீட்டுக்கு வந்த நாள்முதல் பலர் வீட்டில் இதுவும் ஒரு படிப்புச் சாமானாகிவிட்டது. ஒரே கூடத்தில் தம்பி தொலைக்காட்சி பார்க்க, அம்மா குக்கர் வைக்க, அக்காள் பாடம் கேட்க வேண்டிய வீடுகளில் இதன் அருமை தெரியும். ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது என்கிறார்கள். அந்த ஆயிரம் ரூபாய், நம் தோழியர் பலருடைய இல்லங்களில் தந்தையின் ஒருநாள், இரண்டுநாள் உழைப்பு. ஆகவே இது சின்ன விஷயமன்று.

முதலில் இது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். இயர்பட்ஸ் வைக்கும் டப்பாவுக்குள் சற்றுப் பெரிய மின்கலம் ஒன்று உண்டு. காதில் மாட்டும் ஒவ்வொரு பட்டுக்குள்ளும் ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள சிறு மின்கலம் உண்டு. டப்பாவின் குழிக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு உலோக ஊசிகள் நிற்கும். பட்டின் உடலில் அதற்கு நேராகச் சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். இரண்டும் தொட்டால்தான் சுற்று மூடும். சுற்று மூடினால்தான் மின்னோட்டம் பாயும். நடுவே ஒரு நூலிழை அழுக்கு நின்றாலும் சுற்று திறந்தே கிடக்கும். "சார்ஜ் ஏறவில்லை" என்னும் வழக்குகளில் பல இந்த நூலிழையோடு முடிந்துவிடும்.

விசாரணையை டப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். டப்பாவே காலியாக இருந்தால் பட்டுக்கு எங்கிருந்து கொடுக்கும்? சார்ஜரில் மாட்டியதும் டப்பாவின் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவில்லையானால் வேறு கேபிள், வேறு சார்ஜர், வேறு பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்றுத் தரப்படுவதும் இதுதானே! டப்பாவின் துளையில் பையிலுள்ள பஞ்சும் தூசியும் அடைந்திருந்தால், கேபிளைக் கழற்றிவிட்டு மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெல்ல எடுக்க வேண்டும். ஊசியோ குண்டூசியோ கூடாது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுட்பமும் உண்டு. இருமுனையும் டைப்-சி ஆன கேபிளில் போட்டால் சில மலிவான டப்பாக்கள் சார்ஜ் ஏறா. ஏனெனில் டைப்-சி சார்ஜர் கேட்டால்தான் கொடுக்கும். அப்படிக் கேட்பதற்காக டப்பாவுக்குள் 5.1 கிலோஓம் அளவுள்ள இரு சிறு மின்தடைகள் இருக்க வேண்டும். செலவைக் குறைக்கச் சிலர் அவற்றை வைப்பதில்லை. ஒருமுனை அகலமாக உள்ள பழைய வகைக் கேபிளில் மாட்டினால், கேளாமலே மின்சாரம் வந்து, "செத்த" டப்பா உயிர்த்தெழும்! ஆகவே டப்பாவோடு வந்த கேபிளை அலட்சியமாக எறிந்துவிடக் கூடாது.

டப்பா நன்றாயிருந்தும் ஒரு பட் மட்டும் ஏறவில்லையா? அப்படியானால் உலோகப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். காதின் மெழுகும் வியர்வையின் உப்பும் அங்கே படிகின்றன. நாளடைவில் உலோகம் அரிமானம் அடைந்து கறுப்பாகவோ பச்சையாகவோ தெரியும். ஊசி போடுமுன் நர்ஸம்மா கையில் தடவும் ஸ்பிரிட்டை மிகச் சிறிதளவு பஞ்சுக்குச்சியில் தொட்டு, புள்ளிகளையும் டப்பாவின் ஊசிகளையும் துடைத்து, காயவிட்டுப் பிறகு வைக்க வேண்டும். அந்தப் பஞ்சுக்குச்சிக்கும் கடையில் "பட்ஸ்" என்றுதான் பெயர். பட்ஸைக் காக்கப் பட்ஸே போதும் என்பது வேடிக்கையல்லவா!

வேறு சில சிறு காரணங்களும் உண்டு. புதிதாக வாங்கியவற்றில் உலோகப் புள்ளிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் "புதுசே கெட்டுப்போச்சு" என்பவர்கள் உண்டு. பெரிய ரப்பர் முனையை மாட்டினால் பட் குழிக்குள் சரியாக உட்காராது. விடுமுறையில் பல மாதம் மேசை அறைக்குள் கிடந்தால் மின்கலம் ஆழ்ந்து இறங்கிவிடும். அரைமணி, ஒருமணி நேரம் பொறுமையாகச் சார்ஜில் விட்டால்தான் கண்விழிக்கும். எதுவும் பலிக்காவிட்டால் டப்பாவோடு வந்த சிறு புத்தகத்தில் மறுதொடக்கம் செய்யும் முறையைப் பார்க்கலாம். பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்துவதாகப் பெரும்பாலும் இருக்கும்.

துணிவு வேண்டிய இடம் இவ்வளவே. இனி எச்சரிக்கை வேண்டிய இடம். நனைந்துவிட்டால் உடனே சார்ஜ் போடக் கூடாது. துடைத்து, மூடியைத் திறந்து, ஒருநாள் காற்றாட வைக்க வேண்டும். அரிசியில் புதைத்தால் அரிசித் தூள்தான் உள்ளே போகும். டப்பா உப்பியிருந்தாலும், தொடமுடியாமல் சுட்டாலும் சோதனையை அத்துடன் நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். லித்தியம் மின்கலத்தைக் குத்துவதும் நெம்புவதும் தீயோடு விளையாடுவதாகும். உத்தரவாதக் காலம் முடியாமலிருந்தால் ரசீதுடன் கடைக்குச் செல்வதே முறை. ரசீதைப் பத்திரமாக வைக்கும் அம்மாக்கள் வாழ்க!

இவ்வளவும் செய்தபின் சில பட்கள் உண்மையிலேயே ஏறா. மின்கலத்துக்கும் ஆயுள் உண்டு. சில நூறு முறை ஏறி இறங்கியபின் அது தளர்ந்துவிடுகிறது. 1991-ல் முதன்முதல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் எவ்வளவு அரிய கண்டுபிடிப்பு! அதற்காக 2019-ல் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்தகைய அறிவின் கனியைப் பசை போட்டு மூடி, மின்கலம் தளர்ந்ததும் ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, மின்னணுச் சில்லு அனைத்தையும் சேர்த்துக் குப்பையில் போடு என்பது எந்த நியாயத்தில் சேரும்? டயர் தேய்ந்தால் சைக்கிளையே எறிவோமா?

"இவ்வளவு சிறிய பொருளைத் திறக்கும்படி செய்ய முடியாது" என்பது சிலர் வாதம். 2016-ல் வெளிவந்த ஆப்பிள் ஏர்பாட்ஸைப் பிரித்து ஆராய்ந்த ஐஃபிக்ஸிட் என்னும் நிறுவனம், பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்குச் சுழியம் மதிப்பெண் கொடுத்தது உண்மைதான். ஆனால் 2024-ல் நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம், பட்டிலும் டப்பாவிலும் மின்கலத்தை நாமே மாற்றத்தக்க இயர்பட்ஸைச் செய்து, அதே ஐஃபிக்ஸிட்டிடம் பத்துக்குப் பத்து வாங்கியது. எனவே முடியாது என்பது சரியன்று. மனமில்லை என்பதே சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய மின்கலச் சட்டம், கையடக்கச் சாதனங்களின் மின்கலத்தை உபயோகிப்பவரே மாற்றத்தக்கதாக இருக்க வேண்டுமென்று, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்தது. நம் நாட்டிலும் 2022-ல் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று அவை கூறுகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. சட்டம் வழி திறக்கும். நடக்க வேண்டியவர்கள் நாம்.

"ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை பாடா?" என்று சிலர் நகைக்கக்கூடும். பொருள் மலிவாவதால் அதற்குள் இருக்கும் லித்தியமும் கோபால்ட்டும் தாமிரமும் பூமியில் பெருகிவிடுவதில்லை. வீட்டுக் குப்பையோடு போட்ட மின்கலம் லாரியில் நசுங்கித் தீப்பிடித்தால் வேகுவது துப்புரவுத் தொழிலாளியின் கையே. மின்கலத்தின்மேல் குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் போட்டிருப்பது அலங்காரத்துக்காகவா? இறந்த இயர்பட்ஸை மின்னணுக் கழிவு பெறும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே தோழியரே, பெற்றோரே! வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பதும், வெயிலில் நிற்கும் வாகனத்தில் டப்பாவை விடாதிருப்பதும் பெரிய காரியங்களல்ல. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது விலையையும் நிறத்தையும் மட்டும் கேளாமல், "மின்கலம் தளர்ந்தால் மாற்றித் தருவீர்களா?" என்றும் கேட்போம். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறுபேர் கேட்டால் கம்பெனிக்குச் சொல்லியனுப்புவார். முதலில் துடைத்துப் பார்ப்போம்; பிறகு கேட்டுப் பார்ப்போம்; கடைசியில்தான் புதிது வாங்குவோம்!