கிரான்வெல்லின் வாயில்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் ஜில்லாவிலுள்ள கிரான்வெல் என்னும் சிற்றூரில், பிரிட்டிஷ் ஆகாயப்படைக் கலாசாலை 1920-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 5-ந் தேதி திறக்கப்பட்டது. ஆகாயப்படை உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவிக்கவென்றே ஏற்பட்ட கலாசாலைகளில் உலகிலேயே முந்தியது அதுதான் என்று அதன் அபிமானிகள் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமையில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அதன் வாயில் எவருக்கு, எப்பொழுது திறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அச்சரித்திரம் பூர்த்தியாகாது.

கலாசாலை ஏற்படக் காரணமாயிருந்தவர் ட்ரென்சார்டு. முதல் மகாயுத்தம் முடிந்த கையோடு, புதிதாகப் பிறந்த ஆகாயப்படையைத் தரைப்படையும் கடற்படையும் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தன. சொந்தக் கலாசாலை இல்லாத படை தனிப்படையாக நிலைக்காது என்று அவர் கண்டார். கடற்படை விமானிகளுக்காக 1916-ல் போடப்பட்ட கொட்டகைகளிலேயே வகுப்புகள் ஆரம்பமாயின. படங்களில் நாம் காணும் தூண்களும் கோபுரமும் வாய்ந்த மாளிகை 1934-ம் வருஷம் அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. பட்டம் பெறுவோர் அணிவகுத்து அதன் படிகளில் ஏறிச்செல்லும் சம்பிரதாயத்தைப் பற்றி இன்று விரிவாகப் பேசுகிறார்கள். அந்தக் கலாசாலைக்குப் பெயர் வாங்கித் தந்த மாணவர்கள் பலரோ கொட்டகையில் படித்தவர்கள்! அவர்களில் ஒருவர் பிராங்க் விட்டில். வருங்கால விமானங்களைக் குறித்து 1928-ல் அவர் அங்கே எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததே ஜெட் யந்திர யோசனை. விமான இலாகா அதை அலட்சியம் செய்தது. 1941-ம் வருஷம் மே 15-ந் தேதி, பிரிட்டனின் முதல் ஜெட் விமானம் அதே கிரான்வெல் மைதானத்திலிருந்து கிளம்பிற்று. இலாகாக்களின் தீர்க்கதரிசனம் எந்த தேசத்திலும் இவ்வளவுதான் போலும்.

நம்மவர் விஷயத்துக்கு வருவோம். இந்தியர்களுக்கு ஆகாயத்தில் போர் புரியும் ஆற்றல் உண்டா என்பது 1920-ல் ஐயத்துக்குரிய கேள்வியே அல்ல. ஹர்தித் சிங் மாலிக் முந்திய யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானியாகப் பறந்திருந்தார். வங்காளத்து இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து எதிரி விமானங்களை வென்று, அம்மாதம் 22-ந் தேதி பத்தொன்பதாவது வயதில் போர்முனையில் மாண்டார். உயிரைக் கொடுத்து அவர்கள் எழுதிய பரீட்சைக்குப் பிறகும், கிரான்வெல்லின் கதவு இந்தியருக்கு அடைத்தே கிடந்தது. 1925-ல் ஸ்கீன் கமிட்டி அமைந்தது. ஜனாப் ஜின்னாவும் அதில் அங்கத்தினர். அங்கே இந்திய மாணவர்களையும் சேர்க்க வேண்டுமென்று அக்கமிட்டி சிபார்சு செய்தது. முதல் இந்தியக் கோஷ்டி போய்ச் சேர்ந்ததோ 1930-ல்! ராய் இறந்து பன்னிரண்டு வருஷங்கள் கழிந்துவிட்டன. பரந்த இந்த தேசத்திலிருந்து முதன்முதலாக விமானிகளாகி வந்தவர்கள் ஐந்தே பேர்.

1932 அக்டோபர் 8-ந் தேதி இந்திய ஆகாயப்படை சட்டப்படி உதயமாயிற்று. அடுத்த ஏப்ரலில், கராச்சியில் டிரிக் ரோடில், நான்கு வாப்பிட்டி விமானங்களோடு முதல் ஸ்குவாட்ரன் அமைந்தது. தலைவர் ஓர் ஆங்கிலேயர். அந்த ஐவரில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1939 மார்ச்சில் அதன் தலைமையை ஏற்றார். ஆயினும் முழுப் படையின் தலைமையில் ஓர் இந்தியர் அமர 1954 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து ஆறு வருஷங்களுக்கு மேல் ஆங்கிலத் தளபதிகளே நமது ஆகாயப்படையை நடத்தினார்கள் என்பதை இன்றைய வாலிபர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அவ்வாறு அமர்ந்தவரும் முகர்ஜியே. அவருக்குப் பின் வந்த ஆஸ்பி எஞ்ஜினியர், 1965 யுத்தத்தை நடத்திய அர்ஜன் சிங் ஆகிய இருவருமே கிரான்வெல்லில் பயின்றவர்கள். கடன் வாங்கிய வித்தையானாலும் அவர்கள் அதை நன்றாகவே கற்றார்கள். அதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவொன்றுமில்லை.

எனினும், வித்தை வெளியூரிலிருந்து வரும் வரையில் எத்தனை பேர் கற்கலாம் என்பதையும் வெளியூரார்தான் நிர்ணயிப்பார்கள். ஐந்து பேரின் கதை அதைக் காட்டுகிறது. இரண்டாம் மகாயுத்தத்தின் அவசரத்தில் அம்பாலாவிலும் பேகம்பேட்டையிலும் பயிற்சிப் பள்ளிகள் திறந்த பிறகே விமானிகள் இங்கேயே பெருகினார்கள். 1971 யுத்தத்தில் படையை நடத்திய பி. ஸி. லால் கிரான்வெல் வாசற்படியை மிதித்துத் தேறியவரல்ல; இந்நாட்டிலேயே பயின்றவர். விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளி 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் நமது தாம்பரத்துக்கு வந்தது. மாணவர்களை அனுப்புவதைவிட ஆசிரியர்களை உண்டாக்குவதே பெரிய காரியம் என்பது நமது அபிப்பிராயம். ஆயினும், அதற்குரிய கீர்த்தி தாம்பரத்துக்கு இன்னும் கிட்டவில்லை.

ஹைதராபாத்துக்கு அருகே துண்டிகலில் நமது சொந்த ஆகாயப்படைக் கலாசாலைக்கு 1967-ல் ஜனாதிபதி ஜாகீர் ஹுசேன் அஸ்திவாரக் கல் நாட்டினார். அங்கும் வாயில் ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. 1990-களிலேயே பெண்கள் ஹெலிகாப்டர்களையும் சரக்கு விமானங்களையும் ஓட்டத் தொடங்கினார்கள். ஆனால் போர் விமானம் மட்டும் அவர்களுக்கு ஆகாது என்றார்கள். முன்னொரு காலத்தில் லண்டன் அதிகாரிகள் நம்மைப் பற்றிச் சொன்ன காரணங்களுக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. 2016-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி துண்டிகல் அணிவகுப்பு மைதானத்தில் மூன்று இளம்பெண்கள் போர் விமானிகளாக நியமனம் பெற்றார்கள்.