வெட்டுப்பட்டதுக்கு விலை

"அபூர்வம்" என்கிறார்கள். 'பிளட் கப்பிள்' என்று அட்டை ஒட்டிய பழைய வீடியோ கேசட்டைத் தேடிப்பிடித்து அலமாரியில் அடுக்கும் சேகரிப்பாளர்களின் வார்த்தை அது. சரி, அபூர்வமாக்குனது யாரு?

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பில் கன் 1973இல் எழுதி இயக்கிய அந்தப் படத்தின் நிஜப்பெயர் 'கஞ்சா அண்ட் ஹெஸ்'. (கஞ்சா என்பது கதாநாயகியின் பெயர்.) முந்தைய வருசம் 'பிளாக்குலா' காசு பார்த்திருந்தது. அதேமாதிரி ஒரு கறுப்பு ரத்தக்காட்டேரிப் படம் எடுத்துக்கொடு என்று தயாரிப்பாளர்கள் சுமார் மூன்றரை லட்சம் டாலரை நீட்டினார்கள். கன் பணத்தை வாங்கிக்கொண்டு தன் படத்தை எடுத்தார்.

ஹெஸ் வசதியான கறுப்பின மானுடவியலாளர். உதவியாளன் பழங்காலக் கத்தியால் அவரைக் குத்துகிறான். சாவு வரவில்லை, ரத்தத் தாகம் வருகிறது. அந்த உதவியாளனாக நடித்ததும் கன்தான். அவன் மனைவி கஞ்சா தேடி வருகிறாள், ஹெஸ்ஸையே மணக்கிறாள். ஒரு மனிதனுக்குள் ஆப்பிரிக்க நினைவும் கிறிஸ்தவ ஆலயமும் முட்டிக்கொள்கின்றன. ஹெஸ் சிலுவை நிழலில் செத்துப்போகிறார். கஞ்சா சாக மறுக்கிறாள். திகில் கேட்டவனுக்கு இது எப்படிச் செரிக்கும்?

கேன் விழாவின் விமர்சகர் வாரத்தில் படத்துக்கு இடம் கிடைத்தது. நியூயார்க்கின் வெள்ளை விமர்சகர்களோ உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருத்தர் இருபதாவது நிமிடத்திலேயே எழுந்து போய்விட்டார் என்று 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டுக்கே கடிதம் எழுதினார் கன். உட்கார்ந்து கேட்க முடியாதவர்கள் கறுப்பர் படைப்பில் தலையிட வேண்டாம் என்பதே அதன் சாரம்.

தயாரிப்பாளர்கள் படத்தை விற்றுத் தொலைத்தார்கள். ஏறக்குறைய 110 நிமிடப் படம் வாங்கியவர்கள் கையில் 78 நிமிடமாயிற்று. கன் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பிறகு கேசட்டில் 'பிளாக் ஈவில்', 'டபுள் பொசஷன்' என்று வாய்க்கு வந்த பெயரெல்லாம். பெத்தவன் வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடாத ஊரு நமக்குப் புதுசா?

"நாங்க பத்திரப்படுத்தலேன்னா படமே இருந்திருக்காது" என்பார்கள். இல்லை ஐயா. முழுப் பிரதி பிழைத்துக் கிடந்தது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். கன் 1989இல் இறந்துபோனார். முழுப்படம் டிவிடியாக வந்தது 1998இல். அதுக்கப்புறமும் வெட்டுன கேசட்டைத் தடவிப்பார்த்து "அட்டை என்னா அழகு!" என்று சிலாகிப்பவர்களைக் கேக்குறேன்: அந்த முப்பது நிமிசத்தை எந்த அலமாரியில வச்சிருக்கீங்க?