காதோ, கருத்தோ?

மார்கழித் திங்களில் மயிலாப்பூர்ச் சபைகளுக்குச் செல்வோர் இப்பேச்சைக் கேட்டிருப்பர். தம்புராவின் நான்கு தந்திகளும் பஞ்சமத்தையும் ஸட்ஜத்தையுமே இசைப்பன. எனினும் சுருதி செவ்வனே சேர்ந்தால், எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழும் என்பர் இசைவல்லார். இது பொய்யன்று. அதிரும் தந்தி முழுமையாக மட்டுமன்றி, இரண்டாகவும் மூன்றாகவும் ஐந்தாகவும் பகுந்தும் அதிர்கின்றது. மந்தர ஸட்ஜத் தந்தியின் ஐந்தாம் பகுப்பே அக்காந்தாரம். குதிரையின்மேல் தந்திக்கடியில் இடும் நூல் இத்தகைய நுண்ணொலிகளை வலுவுறச் செய்யும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற ஸி. வி. இராமன் 1921-இல் இவ்வியல்பை ஆராய்ந்து எழுதினார்.

ஆயினும், கேட்டோம் என்பார் அனைவரும் கேட்டனரோ? யான் முதலில் ஒன்றுங் கேட்டிலேன். நண்பனொருவன் அச்சுரத்தை மெல்லப் பாடிக் காட்டினான். உடனே செவியிற் பட்டது! ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலிற் காட்டிய வழியும் இதுவே: நுண்ணொலியைக் கேட்க விழைவோன் அதனையே முன்னர் மெல்ல ஒலிப்பித்துக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். எதிர்நோக்கு இங்ஙனம் செவிக்கு வழிகாட்டியாகின்றது.

அவ்வழிகாட்டியே நம்மை ஏமாற்றவும் வல்லது. மறுநாள் யான் முதுகு காட்டி அமர்ந்திருந்தேன். நண்பன் ஒருமுறை மீட்டி, ஒலி மங்கி வருகையில், ஓசையின்றித் தந்திகளைத் தொட்டு அடக்கிவிட்டான். யானோ, "இன்னும் கேட்கின்றது" என்றேன்! அவன் நகைத்தபோது நாணினேன். ஆயினும் பெரியோரும் இதற்கு விலக்கல்லர். பிரான்ஸு நாட்டு நான்ஸி நகரத்துப் பேராசிரியர் பிளாண்ட்லோ 1903-இல் புதுக் கதிரொன்றைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் மங்கிய ஒளியொன்று சிறிதே மிகுவதுதான் அதற்குச் சான்று. 1904-இல் அங்குச் சென்ற அமெரிக்க அறிஞர் வுட், கருவியிலிருந்த அலுமினியப் பட்டகத்தை இருளில் மறைவாக எடுத்துவிட்டார். பேராசிரியரோ முன்போலவே அளவுகளைக் கூறிக்கொண்டிருந்தார்.

ஆதலின், "காந்தாரம் கேட்கிறதா?" என்று ஆசிரியர் வினவ, மாணவர் ஒருமுகமாய்த் தலையசைப்பதை யான் மதியேன். கேட்கவில்லை என்பானை ஞானமிலான் என்று இகழ்வது அதனினும் தீது. எச்சுரம் எழும் என்று முன்னர்ச் சொல்லாமல், கேட்டதைப் பாடிக் காட்டுமாறு பணித்தல் நன்று. சாந்தோமின் அயலில் வாழும் நமக்குத் தோமாவின் ஐயம் புதிதன்றே!

மற்றுமொன்று. சங்கராபரணம் பாடுகையில் அக்காந்தாரத்தை வியப்போர் பலர். சாதாரண காந்தாரத்திற்குரிய தோடி பாடும்போது எவரும் அதனைக் கேட்டதாகச் சொல்ல யான் அறியேன். தம்புராவுக்கோ இராகம் தெரியாது. அப்போதும் அது அந்தர காந்தாரத்தையே இசைத்துக்கொண்டிருக்கின்றது.