டிக்கன்ஸின் காயமும் ஒரு அரசாங்க அறிக்கையும்

கிறிஸ்துமஸ் வாரம் வந்தால் போதும், இலக்கியம் படிக்கிற நண்பர்கள் யாராவது ‘தி மேன் ஹூ இன்வென்டட் கிறிஸ்துமஸ்’ படத்தைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். பரத் நல்லூரி இயக்கி 2017இல் வந்த படம். சார்லஸ் டிக்கன்ஸ் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ எழுதிய வாரங்கள்தான் கதை. சும்மா சொல்லக்கூடாது, ரசித்துத்தான் பார்த்தேன். ஸ்க்ரூஜாக வரும் கிறிஸ்டோபர் ப்ளம்மருக்காகவே இன்னொரு தடவையும் பார்க்கலாம். ஆனால் எழுத ஆசைப்படுகிற ஒருவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். படம் சொல்வது அழகான பொய். அதனாலேயே அது எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

படத்தில் டிக்கன்ஸுக்குப் பணமுடை, எழுத்தும் வரவில்லை. பாத்திரத்துக்குப் பெயர் சிக்கியதும் ஸ்க்ரூஜ் அறைக்குள்ளேயே வந்து நிற்கிறார், வாக்குவாதம் செய்கிறார். கடைசியில் டிக்கன்ஸ் சிறுவயதில் வேலை செய்த பூட் பாலிஷ் தொழிற்சாலைக்குப் போய் பழைய காயத்தை நேருக்கு நேர் பார்க்கிறார். அப்பாவை மன்னிக்கிறார். கதை முடிகிறது. ஆக, கேரல் என்பது ஒரு எழுத்தாளர் தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியம். வாசகர் அதை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்.

இந்தக் கதை எனக்குப் பழக்கமானது. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். நடத்தியவர் எங்களை வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டார்: “உன் காயம் எது?” என் முறை வந்தபோது சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவுக்கு நிலையான வேலை, மூணு வேளை சாப்பாடு, அடிதடி இல்லாத வீடு. பயந்துபோய் செத்துப்போன ஒரு அண்ணனைக் கற்பனை செய்து சொன்னேன். நாலைந்து பேர் கண்கலங்கினார்கள். அடுத்த இரண்டு வருஷம் அந்த இல்லாத அண்ணனைப் பற்றியே எழுதினேன். ஒரு கதைகூடத் தேறவில்லை.

டிக்கன்ஸுக்குக் காயம் நிஜமாகவே இருந்தது. 1824இல் அவருடைய அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் தேம்ஸ் கரையோரம் எலிகள் ஓடும் கட்டடத்தில் பாலிஷ் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினான். ஆனால் 1843இல் கேரலை வாங்கிய யாருக்கும் இது தெரியாது. அவர் நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் மனம்விட்டுச் சொன்ன சமாசாரம், 1870இல் அவர் இறந்தபிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்தக் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமலேயே, டிசம்பர் 19 அன்று வெளிவந்த 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துபோயின.

சரி, காயம் 1824இலிருந்தே கூட இருக்கிறது. 1843இல் புதிதாக என்ன நடந்தது? ஒரு அரசாங்க அறிக்கை வந்தது. தொழிற்கூடங்களில் குழந்தைகள் படும் பாட்டை விசாரித்த ஆணையத்தின் இரண்டாம் அறிக்கை. குழந்தைகளையே நேரில் கேட்டுப் பதிந்த வாக்குமூலங்கள். ஆணையத்தில் இருந்த டாக்டர் சவுத்வுட் ஸ்மித் அதை டிக்கன்ஸுக்கு அனுப்பினார். படித்துக் கொதித்துப்போன டிக்கன்ஸ், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதப்போவதாக மார்ச் 6 அன்று பதில் போட்டார். நாலே நாளில் மனசு மாறிவிட்டது. பிரசுரத்தைத் தள்ளிவைக்கிறேன், வருஷக் கடைசியில் அதைவிட இருபதாயிரம் மடங்கு பலமான சம்மட்டி அடி விழும் என்று இன்னொரு கடிதம் எழுதினார். செப்டம்பரில் லண்டனின் ஃபீல்ட் லேனில் பரம ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். அக்டோபர் 5 அன்று மான்செஸ்டரில் கல்வியின்மை பற்றிப் பேசினார். அதன்பிறகுதான் கேரல், சுமார் ஆறு வாரத்தில்.

பன்னிரண்டு வயதில் லேபிள் ஒட்டியவரால்தானே அந்த அறிக்கையை அப்படிப் படிக்க முடிந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே காலத்தில் இன்னொருவரும் அந்த ஆணையத்தின் பதிவுகளைப் படித்தார். எலிசபெத் பாரெட். நண்பர் ஆர்.எச். ஹார்ன் அந்த ஆணையத்துக்காக விசாரணை செய்தவர். பாரெட் எழுதிய ‘தி க்ரை ஆஃப் தி சில்ட்ரன்’ 1843 ஆகஸ்டில், கேரலுக்கு நாலு மாதம் முன்பே, ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் வந்தது. அவர் வளர்ந்தது பெரிய மாளிகையில். குடும்பச் சொத்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் சேர்ந்தது. எந்தத் தொழிற்சாலையிலும் அவர் லேபிள் ஒட்டியதில்லை. படித்தார், கோபம் வந்தது, எழுதினார். அவ்வளவுதான்.

பணத் தேவையைப் படம் மறைக்கவில்லை, அது நிஜம். அச்சுச் செலவை டிக்கன்ஸே ஏற்றார். ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் பதிப்பில் கையில் கிடைத்தது 230 பவுண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை.

கேரலே ஒரு முதலாளியின் மனமாற்றத்தில்தானே முடிகிறது, படத்தை மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்றும் கேட்பீர்கள். இரண்டாம் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து இரண்டு குழந்தைகள் வெளியே வருவதை நினைத்துப் பாருங்கள். பையன் அறியாமை, பெண் வறுமை. டைனி டிம்மை ஸ்க்ரூஜ் காப்பாற்றிவிடுகிறார். இந்த இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று புத்தகம் சொல்வதில்லை. அவர்களை வாசகர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார் டிக்கன்ஸ். படமோ எல்லாப் பொறுப்பையும் திரும்ப எழுத்தாளர் மனசுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது. பார்த்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது யாராவது என்னிடம் வந்து எழுத வரவில்லை என்றால், உனக்குள்ளே தேடு என்று சொல்வதில்லை. நேற்று எதைப் பார்த்தாய் என்று கேட்கிறேன். ஏனென்றால், இல்லாத அண்ணனுக்காக நான் கண்ணீர்விட்டு எழுதிய அந்த இரண்டு வருஷமும் தினம் ராத்திரி எங்கள் தெருமுனைப் பரோட்டா கடையில் சாப்பிட்டேன். எனக்கு முன்னால் மேஜை துடைத்த பையனுக்கும் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். அவன் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.